ஏபிஐ சோதனைக்கு எந்தத் திறந்த மூலக் கருவி? மலையகத்து இளம் நிரலாளர்கள் கேட்ட கேள்விகள்

பண்டாரவளையில் சனிக்கிழமைதோறும் நிரலாக்கம் பயில வரும் பிள்ளைகளும், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்களும், கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் சொன்ன பதில்களைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் எங்கள் வகுப்பில் நாங்கள் கட்டிய பயிற்சிச் செயலியிலிருந்து வருகின்றன. தேயிலைத் தோட்டத்தில் யார், எந்த மலையில், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று நிறுவையைப் பதிந்து, மாத முடிவில் பேர்க் கணக்கை, அதாவது யாருக்கு எத்தனை நாள் கூலி என்பதை, தரும் சிறிய சேவை அது.

ஏபிஐ சோதனை என்றால் என்ன செய்கிறோம்? உலாவியில் முகவரியைத் தட்டிப் பார்த்தால் போதாதா?

ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கோரிக்கை அனுப்பி விடை வாங்கும் வழியே ஏபிஐ. உலாவியின் முகவரிப் பட்டியில் தட்டும்போது, தகவலைக் கேட்டு வாங்கும் 'கெட்' கோரிக்கையை மட்டுமே நீங்கள் அனுப்புகிறீர்கள். புதிய நிறுவையைப் பதிவது, தவறான பதிவைத் திருத்துவது, நீக்குவது ஆகியவற்றுக்கு வேறு முறைகளும், கோரிக்கையோடு போகும் குறிப்புகளான தலைப்புகளும், ஜேசன் என்ற உரை வடிவில் தகவலைச் சுமக்கும் உடலும் தேவைப்படுகின்றன. அவற்றை அனுப்புவதற்கு ஒரு கருவி வேண்டும். 1998 முதல் டேனியல் ஸ்டென்பெர்க் பராமரித்து வரும் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியே அதற்குப் போதும். இப்போதைய விண்டோஸிலும் லினக்ஸிலும் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அனுப்பிப் பார்ப்பது வேறு, சோதிப்பது வேறு. வந்த விடையைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டினால் அது ஒரு முறை பார்த்தது மட்டுமே. 'இந்தக் கோரிக்கைக்கு இந்த விடைதான் வர வேண்டும்' என்று எழுதி வைத்து, நிரலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கணினியே அதைச் சரிபார்க்கும்படி செய்தால்தான் அது சோதனை. இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டாவது வேலையைப் பற்றியவை.

அக்கா, போஸ்ட்மேன் சும்மாதானே கிடைக்குது? அதை விட்டுட்டு ஏன் வேற தேடணும்?

ஏபிஐக்குக் கோரிக்கைகளை அனுப்பிச் சோதிக்க உதவும் போஸ்ட்மேன் நல்ல கருவி. அதில் கற்றவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதும், மூல நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக இருப்பதும் ஒன்றல்ல. போஸ்ட்மேன் செயலியின் மூல நிரல் திறந்ததன்று. அதன் தொகுப்புகளைக் கட்டளைவரியில் ஓட்டும் நியூமேன் மட்டும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்திருக்கிறது. கணக்கு இல்லாமலே கணினிக்குள் தொகுப்புகளை வைத்துக்கொள்ள உதவிய 'ஸ்க்ராட்ச் பேட்' என்ற வசதியை நிறுவனம் 2023இல் நிறுத்திவிட்டது. அதன்பின், கோரிக்கைகளைத் தொகுப்பாக அடுக்கி வைக்க வேண்டுமானால் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும்.

கொழும்பில் இருக்கிறவருக்கு இது சிறு தொந்தரவாக மட்டுமே தோன்றலாம். மழைக்காலத்தில் கோபுரத்தின் சமிக்ஞை வந்து வந்து போகும் ஒரு பள்ளத்தாக்கில், கைபேசியின் டேட்டாவைப் பகிர்ந்து வேலை செய்கிறவருக்கு, தன் கணினியிலேயே ஓடும் சேவையைச் சோதிப்பதற்கு வெளியிலுள்ள ஒரு மேகத்தின் (இணையத்தில் இருக்கும் பிறருடைய சேவையகத்தின்) தயவு வேண்டியிருப்பது பெரிய தடை. அதனால்தான் சோதனைக் கோப்புகள் உங்கள் கோப்புறையில், நிரலுக்குப் பக்கத்தில், எந்த எழுதுபொறியிலும் திறந்து படிக்கக்கூடிய எளிய உரையாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்சோம்னியா திறந்த மூலம்தானே? பிறகு ஏன் அதற்கும் தயங்குகிறீர்கள்?

போஸ்ட்மேனைப் போன்ற இன்னொரு கருவியான இன்சோம்னியாவின் மூல நிரல் திறந்தது என்பது உண்மை. 2019இல் காங் நிறுவனம் அதை வாங்கியது. 2023இல் வெளிவந்த 8ஆம் பதிப்பு, பழைய பயனர்களையும் கணக்குத் தொடங்கி உள்நுழையச் சொன்னது. பதிப்பு தானாக மேம்பட்ட ஒரு காலையில் தங்கள் கோரிக்கைகளைத் திறக்க முடியாமல் பலர் திகைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பின்னர், கணினிக்குள்ளேயே சேமிக்கும் வழியை நிறுவனம் மறுபடியும் சேர்த்தது.

உரிமம் திறந்ததாக இருந்தாலும், நீங்கள் எழுதியவை அந்தக் கருவி மட்டுமே படிக்கும் தரவுத்தளத்துக்குள் கிடந்தால் உங்கள் கை கட்டப்பட்டதுதான். எனவே உரிமத்தைப் பார்ப்பதுடன், கோப்பு எங்கே, எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னோட லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம்தான். எது ஓடும்?

போஸ்ட்மேன், இன்சோம்னியா, அடுத்த பதிலில் வரும் புரூனோ ஆகிய மூன்றும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் திறக்கும்போது உள்ளே ஒரு முழு உலாவியே திறக்கிறது. ஏற்கெனவே குரோம், விஎஸ் கோட், தரவுத்தளம் ஆகியவை ஓடும் 4 ஜிபி கணினியில் அது மூச்சுத் திணற வைக்கும்.

இப்படிப்பட்ட கணினிக்கு ஹர்ல் என்ற கட்டளைவரிக் கருவியைத்தான் நான் முதலில் சொல்வேன். விஎஸ் கோட் எப்படியும் திறந்திருக்கும் என்றால், அதற்குள்ளேயே இயங்கும் ரெஸ்ட் கிளையண்ட் என்ற நீட்சியும் நல்லது. கோரிக்கைகளை ஒரு உரைக் கோப்பில் எழுதி, மேலே தோன்றும் 'அனுப்பு' என்ற வரியைச் சொடுக்கினால் விடை பக்கத்தில் வரும். ஆனால் அது அனுப்பிப் பார்ப்பதற்கான கருவி. முதல் பதிலில் சொன்ன பொருளில் சோதனைக்கு ஹர்லிடம்தான் வர வேண்டும்.

புரூனோவா, ஹர்லா? ஒன்றைச் சொல்லுங்கள்.

புரூனோ, எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் வரைகலைச் செயலி. கணக்கு கேட்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையையும் உங்கள் கோப்புறைக்குள் ஒரு தனி உரைக் கோப்பாக எழுதி வைக்கிறது. ஆகவே நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் நிரலோடு சேர்த்துச் சோதனையையும் பதியலாம், ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் வரி வரியாகப் பார்த்து ஒப்புதல் தரலாம். பொத்தான்களும் பெட்டிகளும் இருப்பதால் போஸ்ட்மேனில் பழகியவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதிலேயே கைவந்துவிடும். சிக்கலான சரிபார்ப்புகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். தொகுப்பு முழுவதையும் கட்டளைவரியிலிருந்து ஓட்டவும் தனிக் கருவி உண்டு. சில கூடுதல் வசதிகள் கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹர்ல், பிரான்ஸின் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட அது, உள்ளே கர்லின் நூலகத்தையே பயன்படுத்துகிறது. அதில் திரை கிடையாது, ஒரு உரைக் கோப்புத்தான். எங்கள் நிறுவைச் சோதனையின் முதல் வரியில் 'போஸ்ட்' என்ற முறையும் முகவரியும் இருக்கின்றன. அதன்கீழ் தொழிலாளியின் எண்ணும், மலையின் எண்ணும், எடையும் கொண்ட ஜேசன் உடல். அதன்கீழ், புதிய பதிவு உருவாயிற்று என்று சொல்லும், நாம் எதிர்பார்க்கும் நிலைக் குறியீடான 201. அதற்கும் கீழே 'அசர்ட்ஸ்' என்ற தலைப்பின் அடியில், திரும்பி வரும் எடை நாம் அனுப்பிய எடைக்குச் சமமா என்று ஒரு வரி. விடையில் வரும் பதிவு எண்ணைப் பிடித்து வைத்து, அடுத்த கோரிக்கையில் அதைப் பயன்படுத்தவும் முடியும். நிரல் அறியாத ஒருவரும் மேலிருந்து கீழாக வாசித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், தனியாக வேலை செய்கிறவருக்கு ஹர்ல். மூன்று நான்கு பேர் கொண்ட அணியில் கட்டளைவரிக்குப் பழகாதவர் ஒருவராவது இருந்தால் புரூனோ. நாங்கள் வகுப்பில் புரூனோவில் தொடங்கி, கோரிக்கையும் விடையும் போய்வரும் எச்டிடிபி நெறிமுறை பிள்ளைகளுக்குப் பிடிபட்ட பிறகு ஹர்லுக்கு மாறுகிறோம்.

ஹாப்ஸ்காட்சில் என் கணினியில் ஓடும் சேவைக்குக் கோரிக்கை போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஹாப்ஸ்காட்ச் உலாவிக்குள் ஓடும் கருவி. தொடக்கத்தில் அதன் பெயர் போஸ்ட்வுமன். ஒரு தளத்திலிருந்து வேறொரு மூலத்துக்குப் போகும் கோரிக்கையை, மறுமுனைச் சேவையகம் அனுமதித்தாலன்றி விடையைக் காட்டக்கூடாது என்று உலாவிகள் தடுக்கின்றன. இதையே கார்ஸ் விதி என்கிறார்கள். உங்கள் சேவையில் பிழை இல்லை. உலாவி தன் காவலைச் செய்கிறது.

ஹாப்ஸ்காட்ச் தரும் உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால் இது தீரும். கோரிக்கையை வாங்கி மறுமுனைக்கு அனுப்பும் இடைநிலைப் பிராக்சியைத் தேர்ந்தெடுத்தால் தீராது, ஏனென்றால் தொலைவிலுள்ள பிராக்சியால் உங்கள் கணினிக்குள் இருக்கும் சேவையை எட்ட முடியாது. மேலும், பிறருடைய பிராக்சி வழியாகப் போகும் கோரிக்கையில் உங்கள் கடவுச்சாவியும் சேர்ந்தே போகிறது என்பதை மறக்கக்கூடாது.

எங்கள் நிறுவனத்தில் எல்லாமே ஜாவா. அதற்கு வேறு கருவி வேண்டுமா?

ஜாவா அணிகளில் ரெஸ்ட் அஷ்யூர்ட் நூலகம் நெடுநாளாகப் புழங்குகிறது. சோதனை, நிரலின் ஒரு பகுதியாகவே, ஜாவா நிரலைக் கட்டும் கருவியான மேவனில் ஓடும். ஜாவா எழுதாத சோதனையாளர்களும் அணியில் இருந்தால், இன்டியூட் நிறுவனத்தில் பிறந்த கராத்தே என்ற சோதனைக் கருவி பொருந்தும். எக்ஸ்எம்எல் வடிவில் பேசும் பழைய சோப் சேவைகளோடு பேச வேண்டிய நிலை வந்தால் சோப்யூஐயின் திறந்த பதிப்பை நிறுவுங்கள். அந்த வேலைக்கு அதுதான் இன்னும் கைகொடுக்கிறது.

200 வந்தா சரிதானே? வேற என்னத்தைச் சோதிக்கிறது?

200 என்பது கோரிக்கை நிறைவேறிற்று என்று சேவையகம் சொல்லும் குறியீடு. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கருவியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தின் பத்து மடங்கை இதற்குச் செலவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது வழக்கம். எங்கள் செயலியில் மூன்று நிறுவைகளின் மொத்தம் 18 கிலோவைத் தொட்டால் முழுப்பேர் (முழுநாள் கூலி), இல்லையென்றால் அரைப்பேர் (அரைநாள் கூலி) என்று வைத்திருந்தோம். எடைகளைப் புள்ளி எண்களாகக் கூட்டினோம். ஜாவாஸ்கிரிப்டில் 0.7 உடன் 0.1 ஐக் கூட்டினால் 0.8 வருவதில்லை, 0.7999999999999999 தான் வருகிறது. இப்படி ஒரு மயிரிழை குறைந்தாலும், மலையில் நாள் முழுக்க நின்ற ஒரு பெண்ணின் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். சேவையோ 200 என்று அமைதியாகப் பதில் சொல்லும். அதன்பின் எடைகளைக் கிராமில் முழு எண்ணாக வைத்தோம். 17,999, 18,000, 18,001 ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகச் சோதனை எழுதினோம்.

அடுத்தது இரட்டைப் பதிவு. நிறுவையைப் பதிந்த கணத்தில் சமிக்ஞை அறுந்தால், கைபேசி அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்பும். முதல் கோரிக்கை சேவையகத்தை எட்டியிருந்தால் ஒரே கூடை இரண்டு தடவை நிறுக்கப்பட்டதாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியே ஒரு தனிச் சாவியை உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே சாவி மீண்டும் வந்தால் சேவை புதிதாகப் பதியாமல் பழைய விடையையே திருப்பித் தர வேண்டும். சோதனைக் கோப்பில் ஒரே கோரிக்கையை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதி, மூன்றாவதாகப் பட்டியலைக் கேட்டு, அதில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, திகதி. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னே செல்கிறது. பொது நேரத்தில் ஓடும் சேவையகத்தில், இங்கே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடக்கும் எதுவும் முந்தைய நாளின் திகதியில் விழும். வேலைக்கு ஆட்களைக் கூட்டும் காலைப் பிரட்டுக்குப் பிறகு நடக்கும் நிறுவைகளில் இது வெளியே தெரியாது. தொழிற்சாலையின் இராவேலையைச் சேர்த்த அன்றுதான் எங்களுக்கு வெளிச்சமாயிற்று: 1ஆம் திகதி விடியற்காலையில் பதிந்த வேலை முந்தைய மாதச் சம்பளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. 5.29க்கும் 5.31க்கும் ஒவ்வொரு சோதனை வையுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. இதையும் ஏபிஐ சோதனையில் பிடிக்க முடியுமா?

பிடிக்க முடியும், பிடிக்கவும் வேண்டும். 'கொழுந்து' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யுனிகோடில் அது 8 குறியீட்டுப் புள்ளிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் மொத்தம் 24 பைட்டு. 'பெயர் 20க்குள் இருக்கட்டும்' என்று ஆங்கிலப் பெயரை நினைத்து ஒருவர் பைட்டில் வரம்பு வைத்திருந்தால், நம் பெயர் நடு எழுத்தில் அறுபடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சரங்கள். ஒரு விசைப்பலகையில் பதிந்த 'பொன்னம்மா'வை வேறொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போவதன் காரணம் இதுவே. சேவை, வரும் உரையை, இப்படிப் பிரிந்த புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் யுனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியே சேமிக்க வேண்டும். ஒரு வடிவில் பதிந்து மறு வடிவில் தேடும் சோதனையை எழுதி வைத்தால் இந்தப் பிழை திரும்ப வராது. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் தமிழை நேரடியாகத் தட்டிக் கர்லுக்குக் கொடுத்தால் சிதைய வாய்ப்புண்டு. உடலை யுடிஎஃப்-8 கோப்பில் வைத்து அனுப்புங்கள்.

சோதனைக் கோப்பைக் கிட்டில் போடச் சொல்கிறீர்கள். அதற்குள் கடவுச்சாவி இருக்கிறதே?

சாவியைக் கோப்பில் எழுதவே கூடாது. மாறியின் பெயரை மட்டும் எழுதி, அதன் மதிப்பை ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுங்கள். ஹர்லிலும் புரூனோவிலும் அதற்கு வழி இருக்கிறது. ஒருமுறை கிட்டில் பதிந்துவிட்டால், பிறகு நீக்கினாலும் வரலாற்றில் அது இருக்கும். அந்தச் சாவியை இரத்துச் செய்து புதியது எடுப்பதே பரிகாரம்.

இதே கவனம் அடையாள அட்டை இலக்கங்களுக்கும் வேண்டும். பழைய இலக்கம் 9 எண்களும் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. புதியது 12 எண்கள். இரண்டையும் சேவை ஏற்கிறதா என்று சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் தெரிந்தவருடைய இலக்கத்தைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், பிறருடைய இலக்கம் நம் கையில் விளையாட்டுப் பொருளாகக் கூடாது.

ஒரே நேரத்தில் 500 பேர் வந்தால் தாங்குமா என்று எதில் பார்ப்பது?

இது சுமைச் சோதனை. ஹர்லும் புரூனோவும் இதற்கானவை அல்ல. அதற்கான கருவிகளில் அப்பாச்சி ஜேமீட்டர் பழையதும் நம்பகமானதும் ஆகும். திட்டத்தை அதன் திரையில் வரைந்தாலும், ஓட்டும்போது திரையில்லா முறையில்தான் ஓட்ட வேண்டும். அதன் கோப்புகள் நீண்ட எக்ஸ்எம்எல் ஆகையால் கிட்டில் ஒப்பிட்டுப் படிப்பது கடினம். கிராஃபானா நிறுவனத்தின் கே6 என்ற சுமைச் சோதனைக் கருவியில் சோதனையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதையே சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து 500 பேரின் சுமையை அனுப்பினால் நீங்கள் அளப்பது சேவையகத்தை அல்ல, உங்கள் இணைப்பையே. சேவையகத்துக்கு அருகிலுள்ள வேறொரு கணினியிலிருந்து ஓட்டுங்கள். உங்களுடையதல்லாத சேவையின் மீது அனுமதியின்றி ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

கே6 ஏஜிபிஎல் உரிமமாம். அதைப் பயன்படுத்தினால் எங்கள் நிரலையும் திறக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏஜிபிஎல், மாற்றிய நிரலையும் திறக்கச் சொல்லும் திறந்த மூல உரிமம். கே6ஐக் கருவியாக ஓட்டி உங்கள் சேவையைச் சோதிப்பதால் உங்கள் நிரலின் உரிமம் மாறாது. கே6இன் மூல நிரலையே மாற்றியமைத்து, அந்த மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்கும்போதோ, இணையம் வழியே பிறர் பயன்படுத்தும் சேவையாக நடத்தும்போதோதான் அந்த மாற்றங்களைத் திறக்கும் கடமை வருகிறது.

போஸ்ட்மேனில் 300 கோரிக்கை கிடக்கின்றன. எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

தொகுப்பை ஜேசனாக ஏற்றுமதி செய்யுங்கள். புரூனோ அதை நேரடியாக இறக்கிக்கொள்ளும். முகவரி, தலைப்பு, உடல் ஆகியவை பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். சிறு நிரல்களாக எழுதிய சரிபார்ப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால், மேலே சொன்ன நியூமேனில் அந்தத் தொகுப்பை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்து, புதிதாக எழுதுபவற்றை மட்டும் புதிய கருவியில் எழுதுங்கள். 300இல் எத்தனை உண்மையில் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், மாற்ற வேண்டியவை நீங்கள் அஞ்சியதை விடக் குறைவாகவே இருக்கும்.

ஓப்பன்ஏபிஐ விவரணை எங்களிடம் இருக்கிறது. அதிலிருந்தே சோதனை பிறக்குமா?

ஓப்பன்ஏபிஐ விவரணை என்பது, சேவை எந்தக் கோரிக்கைகளை ஏற்று என்ன விடை தரும் என்று ஒரு தர வடிவில் எழுதிய கோப்பு. ஸ்கீமாதிசிஸ் என்ற பைத்தான் கருவி, அந்த விவரணையைப் படித்து, எல்லைக்கு உட்பட்டதும் மீறியதுமான உள்ளீடுகளைத் தானே உண்டாக்கி அனுப்பி, சேவை 500 என்ற சேவையகப் பிழையோடு விழுகிறதா, விடை விவரணையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். நாம் நினைத்தே பார்க்காத உள்ளீடுகளை அது அனுப்பும் என்பதே அதன் பயன். ஆனால் முழுப்பேர், அரைப்பேர் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. விவரணையில் அது எழுதப்படவில்லை. அந்தச் சோதனைகளை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நாளைக்கு புரூனோவும் கணக்குத் தொடங்கச் சொன்னா என்ன செய்வீங்க அக்கா?

நடக்காது என்று நான் உறுதி கூற மாட்டேன். இன்சோம்னியாவில் நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கும் கோப்புகள் எங்கள் கோப்புறையில்தான் இருக்கும், கணினியில் ஏற்கெனவே நிறுவிய பதிப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எம்ஐடி உரிமத்தில் ஏற்கெனவே வெளியான நிரலைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. வேறு ஒருவர் அதிலிருந்து புதிய கிளையைத் தொடரலாம்.

நாங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. இரட்டைப் பதிவு, திகதி, கிராம் கணக்கு, தமிழ்ப் பெயர் ஆகிய நான்கையும் பற்றிய சோதனைகளைப் புரூனோவில் இருப்பதோடு ஹர்லிலும் எழுதி வைத்திருக்கிறோம். மொத்தம் 22 கோரிக்கைகள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, தேநீர் வேளைக்குள் எழுதி முடித்துவிட்டார்கள்.